தாயம் போட்டுத்தான் இறங்கலாம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், 1995ஆம் ஆண்டில் பத்தாம் ஆண்டில் படித்த மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு எங்கள் வகுப்புக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். என்ன பேசுவது என்று எங்கள் தொலைபேசிக் குழுவிலே மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது. கல்வியின் பெருமை பேசலாம் என்றாள் ஒருத்தி. ஆசிரியர்களை நினைவுகூரலாம் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். நாங்கள் பேசப்போவது தாயத்தைப் பற்றி. விறாந்தையில் கரியால் கோடு கீறி, ரீச்சர் வருகிறா என்றதும் பாவாடையால் அழித்துவிட்டு எழும்புவோமே, அதே தாயம்தான்.

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களில் ஒருத்தி சுவிஸ் நாட்டில் இருக்கிறாள். அவளுடைய தாயார் சாவகச்சேரியிலிருந்து மகளிடம் போய் ஆறு மாதம் தங்கினார். பேத்திக்கு ஒன்பது வயது. தமிழ் விளங்கும், ஆனால் பேச வெட்கம். அம்மம்மாவுக்கோ அந்த நாட்டு மொழி ஒரு சொல்லும் தெரியாது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பிள்ளை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். சிலுவை வடிவிலே கட்டங்கள், நாலு நிறத்திலே காய்கள், ஒரு பகடை. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்கட தாயமல்லோ பிள்ளை!" என்றாராம். பிள்ளை விடவில்லை. "இல்லை அம்மம்மா, இது சுவிஸ் விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தவை" என்றாளாம். அவள் அவ்வளவு நீளமாகத் தமிழில் பேசியது அன்றைக்குத்தானாம்.

யார் சொன்னது சரி? அந்தக் கேள்வியைத் தோழி எங்கள் குழுவில் போட்டாள். யேர்மனியில் இருப்பவள் தன் வீட்டுப் பலகையைப் படம் எடுத்து அனுப்பினாள். பிரான்ஸில் இருப்பவள் தன் பிள்ளைகளுடைய பலகையை அனுப்பினாள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் படங்கள் வந்தன. எல்லாமே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன. ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. அதன் பிறகுதான் நாங்கள் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தறிந்ததை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

வட இந்தியாவில் இந்த ஆட்டத்துக்குப் பச்சீசி என்று பெயர். பச்சீஸ் என்றால் இருபத்தைந்து. ஆறு சோகிகளைக் குலுக்கி எறிவார்கள். ஆறும் குப்புற விழுந்தால் இருபத்தைந்து. அதுதான் ஆகப் பெரிய எண்ணிக்கை, அதிலிருந்தே பெயர். நீளக்கட்டை உருட்டி ஆடுகிற இதன் உறவு ஆட்டத்துக்குச் சௌபர் என்று பெயர். பலகை என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் அது துணிதான். சிலுவை போல நாலு கை. ஒவ்வொரு கையிலும் எட்டுக் கட்டமாக மூன்று வரிசை. மொத்தம் தொண்ணூற்றாறு கட்டங்கள், நடுவிலே ஒரு சதுரம். ஆட்டம் முடிந்ததும் துணியைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோகலாம். அக்பர் கட்டிய பத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் இந்தப் பலகை கல்லிலே பெரிதாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. பணிப்பெண்களைக் காய்களாக நிறுத்தி அரசர் ஆடினார் என்று அங்கே போகிறவர்களுக்குச் சொல்வது வழக்கம். காய்களாக வெயிலில் நின்ற அந்தப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

தெற்கே வந்தால் அதே குடும்பத்துக்குப் பல பெயர்கள். ஆந்திராவில் அஷ்டா சம்மா, கர்நாடகத்தில் சௌக்க பாரா, தமிழில் தாயம். எங்கள் நாட்டிலே சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டில் சோகியைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கிப் "பஞ்ச" விளையாடுவார்கள். பார்த்தவர்களுக்கு அதுவும் சொந்தக்காரன் என்று விளங்கும்.

எங்களிடம் இருந்தது பித்தளைத் தாயக்கட்டை. வசதியான வீட்டில் அது இருந்தது. மற்ற வீடுகளில் சோகி. அதுவும் இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் சீமெந்திலே உரசி வெள்ளையாக்கி எடுப்போம். காய்க்கு உடைந்த வளையல் துண்டும் சிரட்டைத் துண்டும் போதும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. வெட்டுப்பட்ட காய் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றி வந்து உள்ளே போய்ச் சேர்ந்தால் பழம். இதைக் கேட்கும்போதே எங்கள் வயதுக்காரர் பலருக்குக் கை துறுதுறுக்கும்.

இனி இந்த ஆட்டம் கடல் கடந்த கதை.

அமெரிக்காவிலே இது பார்சீசி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1874ஆம் ஆண்டில் அந்தப் பெயர் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. இங்கிலாந்திலே 1890களில் அல்பிரட் கொலியர் என்பவர் "ரோயல் லூடோ" என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். லூடோ என்றால் இலத்தீன் மொழியில் "நான் விளையாடுகிறேன்" என்று பொருள். யேர்மனியில் ஜோசப் பிரீட்ரிச் ஷ்மிட் என்பவர் 1907, 1908 மாரி காலத்தில் தன் பிள்ளைகளுக்காக இதை இன்னும் சுருக்கி ஒரு பலகை செய்தார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால், "மனிதா, எரிச்சலடையாதே". முதலில் அது பெரிதாக விற்கவில்லை. 1914இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. காயப்பட்ட போர்வீரர் கிடந்த மருத்துவமனைகளுக்கு அவர் மூவாயிரம் பெட்டிகளை இலவசமாக அனுப்பினார். கட்டிலில் கிடந்தவர்கள் பொழுதுபோக ஆடினார்கள். பிழைத்து வீடு திரும்பியவர்கள் அந்த ஆட்டத்தையும் கொண்டுபோனார்கள். 1920 அளவில் பத்து இலட்சம் பெட்டிகள் விற்றுவிட்டன.

இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் குழுவில் கொஞ்ச நேரம் ஒருத்தியும் எதுவும் எழுதவில்லை. யுத்த காலத்தில் நிலத்தில் குந்தியிருந்து ஆடிய ஆட்டத்தின் அருமை எங்களுக்குத் தெரியும்.

சுவிஸில் இதே ஆட்டத்துக்குப் பெயர் "ஆறுதலாக விரைந்து போ" என்பது போன்ற ஒரு பழமொழி. அங்கே ஐந்து விழுந்தால்தான் காய் இறங்கும். எங்கள் மலைக்கு அவர்கள் வாங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் அமர்ந்த காயை வெட்ட முடியாது. பிரான்ஸில் காய்கள் சின்னக் குதிரைகள். ஸ்பெயினில் பார்ச்சீஸ் என்ற பழைய பெயரே சிறிது மாறி நிற்கிறது; அங்கே ஒரு காயை வெட்டினால் இருபது கட்டம் கூடுதலாக ஓடலாம்.

எனவே அம்மம்மா சொன்னதும் சரி, பேத்தி சொன்னதும் முழுப்பிழை இல்லை. ஊரை விட்டுப் போன பெண்பிள்ளை புகுந்த வீட்டுச் சமையல் பழகுவதைப் போல, ஆட்டமும் போன இடத்து வழக்கத்தைப் பழகியிருக்கிறது. ஆனால் எதை வைத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று பார்க்க வேண்டும். நாங்கள் நாலு மாற்றத்தைக் கண்டோம்.

முதலாவது, சோகி போய்ச் சதுரப் பகடை வந்தது. எங்கள் வகுப்பில் கணித ஆசிரியையாக இருப்பவள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆறு சோகியும் ஒரே சீராக விழும் என்று வைத்துக்கொண்டால், அவை விழக்கூடிய வகைகள் அறுபத்துநாலு. அதில் இருபத்தைந்து வருவது ஒரேயொரு வகை. மூன்று வருவது இருபது வகை. ஆகவே சாதாரண எண் அடிக்கடி வரும்; பெரிய எண் எப்போதாவது வந்து ஆட்டத்தையே புரட்டும். தாயக்கட்டையிலும் அப்படித்தான். இரண்டு கட்டைக்கும் பதினாறு வகை. தாயம் விழுவது அதில் இரண்டு. அதாவது எட்டுக்கு ஒன்று. லூடோவிலே ஆறு விழுவது ஆறுக்கு ஒன்று. சதுரப் பகடைக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். எங்கள் ஆட்டத்தில் இறங்குவதற்கே கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அம்மம்மாமாருக்குப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவள் தந்த விளக்கம் இது.

இரண்டாவது, காய் புறப்படும் இடம். பச்சீசியில் எல்லாக் காயும் நடுச் சதுரத்திலிருந்து வெளிக்கிட்டு, ஊர் சுற்றி, அதே நடுச் சதுரத்துக்குத் திரும்பும். லூடோவில் ஆளுக்கொரு மூலை வளவு. வெளிக்கிடும் இடம் ஒன்று, சேரும் இடம் வேறு. பொது முற்றம் போய் நாலு வேலி வந்துவிட்டது.

மூன்றாவது, மலை. பச்சீசித் துணியில் பன்னிரண்டு காவல் கட்டங்கள் உண்டு. பார்சீசி அவற்றை வைத்துக்கொண்டது. சுவிஸ்காரர் வாங்காக்கி வைத்துக்கொண்டார்கள். கொலியருடைய லூடோவும் யேர்மனியப் பலகையும் அவற்றை எடுத்துவிட்டன. நடுவழியில் நின்று மூச்சு விட இடமில்லை. பிறகு எங்கள் பக்கத்திலே அச்சிட்ட லூடோப் பலகைகளில் நட்சத்திரக் குறி போட்டு எங்கள் ஆட்கள் மலையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நாலாவதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. பச்சீசி தனித்தனியே ஆடுவதல்ல, சோடி சேர்ந்து ஆடுவது. எதிரெதிரே இருக்கிற இருவர் ஒரு கட்சி. உன்னுடைய நாலு காயும் பழமானாலும் நீ வென்றதாகக் கணக்கில்லை. உன் சோடியின் காய்களும் போய்ச் சேர வேண்டும். அதனால் கெட்டிக்காரர், தங்கள் காய் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் உள்ளே போகாமல், இன்னொரு முறை ஊரைச் சுற்றுவதுண்டு. பின்னால் நிற்கும் சோடிக்கு வழி விடவும், துரத்துகிறவனை வெட்டவும் அப்படிச் செய்வார்கள். கடல் கடந்து போனபோது பெரும்பாலான பலகைகளில் இந்த விதி கழன்றுவிட்டது. பிரித்தானியக் கடற்படையினர் கப்பலில் ஆடும் "அக்கர்ஸ்" என்ற வகையில் சோடி முறை இன்னும் இருக்கிறது. ஒரே கப்பலில் போகிறவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம்.

மாற்றம் எல்லாம் கேடு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தாயத்துக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பாரதத்தில் நாடும் மனைவியும் சூதிலே போன கதையைச் சொல்லி, "வீட்டில் தாயம் உருட்டினால் குடும்பத்துக்கு ஆகாது" என்று பெரியவர்கள் ஏசுவார்கள். சிவராத்திரிக்கு நித்திரை முழிக்கும்போது மட்டும் கண்டும் காணாமல் விடுவார்கள். லூடோ பந்தயம் இல்லாத பிள்ளை விளையாட்டாக வந்ததால் வீட்டுக்குள் நுழைந்தது. கோயில் திருவிழாக் கடையில் ஒரு மட்டை வாங்கினால் ஒரு பக்கம் லூடோ, மறுபக்கம் பாம்பும் ஏணியும்.

அந்த மறுபக்கமும் எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான். அது நல்வினை தீவினை கற்பிக்கிற ஞானப் பலகை. சமணரிடம் எண்பத்துநாலு கட்டப் பலகையும், வைணவரிடம் எழுபத்திரண்டு கட்டப் பலகையும் இருந்தன. தமிழில் அது பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடுவார்கள். 1890களில் இங்கிலாந்துக்குப் போனபோது முதலில் சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்பாகவும், சிக்கனமும் உழைப்பும் ஏணியாகவும் மாறின. பழைய பலகையில் பாம்பு கூட, ஏணி குறைவு. அங்கே இரண்டையும் ஏறத்தாழ சரிசமமாக்கினார்கள். 1943இல் அமெரிக்காவில் பிள்ளைகள் பயப்படாதபடி பாம்பை எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தார்கள். கடைசியில் திருவிழாக் கடைக்கு வந்த மட்டையில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை, எண் மட்டும்தான். எங்கள் தெருவில் உண்மைப் பாம்பு இருந்தபடியால் நாங்கள் பயப்படவில்லை.

சகோதரிகளே, இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்து வந்தது. எங்கள் வீடுகளில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பாடசாலை வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. பாடம் மரத்தடியிலும் ஓலைக் கொட்டிலிலும் நடந்தது. மின்சாரம் ஐந்து ஆண்டுகளாகவே இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, மண்ணெண்ணெயை அளந்து ஊற்றி எரித்த விளக்குத்தான்.

அந்த நாள்களில் இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். பெயரை இங்கே சொல்லவில்லை. அவளுடைய அனுமதி எங்களிடம் இல்லை. உடுப்புப் பையும் அம்மம்மாவும் தவிர அவளோடு வந்தது ஒரு சோடிப் பித்தளைத் தாயக்கட்டை. அவசரத்தில் அம்மம்மா எதையோ எடுக்கப் போய் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாவாம். "காணி உறுதி வீட்டில கிடக்கு, தாயக்கட்டை கையில இருக்கு" என்று அந்த அம்மா தன்னைத்தானே ஏசிக்கொள்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

நாங்கள் அதுவரை ஆளுக்கு ஆள் தனியாகத்தான் ஆடினோம். அவள்தான், "எங்கட வீட்டில சோடி சேர்ந்துதான் ஆடுறது" என்றாள். முதலில் எங்களுக்குப் பிடிக்கவில்லை. கெட்டிக்காரி, தடுமாறுகிறவளை ஏன் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும்? அவள் தன் காய் நாலும் பழமாகிற நேரத்தில் ஒரு காயை உள்ளே விடாமல் திரும்பவும் சுற்றுக்கு அனுப்பினாள். "உனக்கென்ன விசரா?" என்று கேட்டோம். "அவளின்ர காய் மூன்று பின்னால நிக்குது. நான் மட்டும் உள்ள போய் என்ன செய்யிறது?" என்றாள்.

அன்று அது எங்களுக்கு விளையாட்டு விதியாக மட்டும்தான் பட்டது.

1996 ஏப்பிரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. வந்த சனத்தில் பலர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். பலர் கிளாலியால் வன்னிக்குப் போனார்கள். அவளுடைய குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று எங்களில் ஒருத்திக்கும் நிச்சயமாகத் தெரியாது. கடைசி நாள் ஆட்டம் பாதியில் நின்றது. கட்டையை எங்களில் ஒருத்தியிடம் கொடுத்து, "வைச்சிரு, வந்து முடிப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2000ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் முறை வந்தது. சாவகச்சேரியை விட்டு நாங்கள் ஓடினோம். சிலர் வடமராட்சிக்கு, சிலர் வலிகாமத்துக்கு, சிலர் வன்னிக்கு. ஊர் திரும்பியபோது நகரம் இருந்த இடத்தில் கல்லும் கம்பியும்தான் இருந்தன. கட்டையை வைத்திருந்தவளின் வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே ஆள் உயரத்துக்குப் பற்றை. அவள் மூன்று நாள் தோண்டித் தேடினாள். நகையைத் தேடுகிறாள் என்று அயலவர் நினைத்தார்கள். கட்டை கிடைக்கவில்லை.

வெட்டுப்பட்ட காய் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நாங்கள் அப்போதுதான் படித்தோம். சிலர் இங்கேயே தொடங்கினோம். சிலர் கடல் கடந்து தொடங்கினோம். போன இடத்து விதிகளைப் பழகினோம். அங்கே எத்தனை விழுந்தால் இறங்கலாம் என்று முதலில் தெரியவில்லை. மொழி தெரியாமல் துப்புரவு வேலையில் தொடங்கியவர்கள் இன்று தாதியாகவும் கணக்காளராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் அந்த நாட்டு விளையாட்டைத் தங்கள் விளையாட்டு என்று சொல்வதிலும் எங்களுக்கு வருத்தமில்லை. அவர்கள் அந்த நாட்டுப் பிள்ளைகளும்தானே.

ஆனால் ஒன்றை உங்கள் முன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடந்த பல ஆண்டுகளாக எங்கள் வகுப்பு லூடோதான் ஆடிவந்திருக்கிறது. ஆளுக்கொரு மூலை வளவு. அவரவர் காயை அவரவர் கொண்டுபோனோம். விழாவுக்குக் காசு அனுப்பினோம், பற்றுச்சீட்டு வாங்கினோம். ஊரிலே தனித்து நிற்கும் வகுப்புத் தோழி ஒருத்தி, கணவரைப் பறிகொடுத்து இரண்டு பிள்ளைகளுடன் எப்படிச் சீவிக்கிறாள் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்தது. அவளும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நாங்கள் நடந்துகொள்ளவில்லை.

2020இல் தொற்றுக்காக உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, கைத்தொலைபேசியில் லூடோ ஆடுகிற வழக்கம் எங்கும் பரவியது. மும்பைப் பக்கத்தில் நவி மும்பையில் உருவாகி 2016இல் வெளிவந்த "லூடோ கிங்" என்ற செயலியை எங்களுக்கும் பிள்ளைகள் பதிவிறக்கித் தந்தார்கள். ரொறன்ரோவில் விடியற்காலை, சூரிச்சில் மத்தியானம், சாவகச்சேரியில் பின்னேரம். நாலு பேர் ஒரு பலகையைச் சுற்றி இருந்தோம். அந்த ஆட்டத்தின் இடையில்தான் அந்தத் தோழி தன் நிலையைச் சொன்னாள். நேரே கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். காயை நகர்த்திக்கொண்டே, "நான் இரண்டு மாதமாக வேலைக்குப் போகேல்லை" என்றாள். எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டோம்.

அதன் பிறகு நாங்கள் பழைய விதிக்குத் திரும்பினோம். எங்கள் வகுப்பில் வெளிநாட்டில் உள்ள ஒவ்வொருத்தியும் ஊரிலுள்ள ஒருத்தியுடன் சோடி. காசு அனுப்புவதற்கு மட்டுமல்ல. மாதம் ஒருமுறை கதைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஊரில் உள்ளவளும் கொடுப்பவள்தான். கடல் கடந்து தனியாக இருப்பவர்களின் கவலை எங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது. பெரிய வீடு, மூன்று கார், கதைக்க ஆளில்லை என்று அழுதவளுக்கு ஊரிலிருந்து ஆறுதல் சொன்னது கூரைக்குத் தகரம் போட்டிருந்த ஒருத்தி.

இந்த நூற்றாண்டிலே சங்கத்திடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் சிறியது. இன்று உயர்தரம் படிக்கின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய மாணவியைச் சோடியாக்குங்கள். அந்தப் பழைய மாணவி கொழும்பிலோ, வவுனியாவிலோ, மெல்பேணிலோ, ஒஸ்லோவிலோ இருக்கட்டும். பரிசளிப்பு விழாக் காசோலையோடு கடமை முடிந்துவிட வேண்டாம். பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும் சோடி இருக்கட்டும். அவளுக்குத்தான் முக்கியமாக இருக்கட்டும். பழமாகிவிட்ட நாங்கள் இன்னொரு சுற்று வருவோம்.

இன்னொரு வேண்டுகோள், இந்த மலரை எங்கோ ஒரு மூலையில் கையில் எடுக்கக்கூடிய ஒருத்திக்கு. நீ எங்களோடு படித்தது ஆறே மாதம். பெயர்ப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதோ தெரியாது. ஆனால் எங்கள் கணக்கில் நீயும் பழைய மாணவிதான். உன் அம்மம்மாவின் கட்டையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அதற்கு மன்னித்துக்கொள். புதுச் சோடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். ஆட்டம் பாதியில் நிற்கிறது. உன் காய் எந்தக் கட்டத்தில் நின்றது என்று எங்களில் இரண்டு பேருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சுவிஸ் வீட்டுக் கதையை முடிக்காமல் விடக் கூடாது. ஆறு மாதம் முடிந்து அம்மம்மா ஊர் திரும்பும்போது பேத்தி தன் பலகையிலிருந்து ஒரு காயை எடுத்து அவர் கையில் வைத்தாளாம். "அப்ப உன்ர ஆட்டம் குறையுமே பிள்ளை" என்று அம்மம்மா கேட்டார். "அந்த இடத்துக்கு நான் பொத்தான் வைச்சிருக்கிறன்" என்று பேத்தி தமிழிலே சொன்னாளாம். வளையல் துண்டும் சிரட்டைத் துண்டும் வைத்து ஆடியவர்களின் பேத்தி அவள்; சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

எங்களுக்கு இறங்குவதற்கு முதல் தாயம் போட்டுத் தந்தது இந்தப் பாடசாலை. அதற்கு எங்கள் நன்றி.